பழைய காசு தேட மெஷின் வாங்கலாமுங்களா?

போன வாரம் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவுற நேரத்துக்கு அக்கா மகன் கோயமுத்தூர்ல இருந்து கூப்பிட்டான். "மாமா, மெட்டல் டிடெக்டர் ஒண்ணு சொந்தமா வாங்கிடலாம்னு இருக்கேனுங்க. பழைய காசு தேடறதுக்கு. பதினஞ்சாயிரத்துல ஒண்ணு பாத்தேன், அம்பதாயிரத்துல ஒண்ணு பாத்தேன். எது வாங்கட்டுங்க?"

எந்தக் கிணத்துக்கு எத்தனை குதிரைத் திறன் மோட்டார் வேணும்னு கேட்டா உடனே சொல்லிடுவேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிடுச்சு. அவன் எங்கிட்டக் கேட்டதுக்குக் காரணம் இருக்கு. போன ஐப்பசியில அவனும் நானும் சேர்ந்து அந்த மெஷினைத் தூக்கிக்கிட்டு எங்க காட்டுல ரெண்டு நாள் சுத்தினோம். அதுல ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒண்ணு சந்தோஷம். இன்னொண்ணு இன்னைக்கும் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு இருக்கு.

முதல்ல சந்தோஷத்தைச் சொல்லிடறேன். மானாவாரிக் கடலைக்காய் பிடுங்கின அன்னைக்கு வீட்டுக்காரியோட தோடு ஒண்ணு காட்டுல விழுந்துட்டுது. சாயங்காலம் முகம் கழுவும்போதுதான் காது காலியா இருக்கறது தெரிஞ்சுது. மூணு நாள் தேடினோம். கடலைக்கொடியை ஒவ்வொண்ணா உதறிப் பாத்தாச்சு, மண்ணை அள்ளிச் சல்லடையில போட்டும் பாத்தாச்சு. அவ அம்மா வீட்டுல போட்ட தோடு. பவுன் கணக்குக்கு மேல அதுக்கு ஒரு கணக்கு இருக்குதுங்களே. விஷயம் கேள்விப்பட்ட மாப்ளை, கூட வேலை பாக்கற பையன்கிட்ட இருந்து ஒரு மெஷினை இரவல் வாங்கிக்கிட்டு சனிக்கிழமை பஸ் ஏறி வந்துட்டான்.

பாக்கறதுக்கு ஒரு நீளக் கம்பி, முனையில சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு வட்டம், கைப்பிடிகிட்ட ஒரு சின்னத் திரை. தட்டுக்குள்ள கம்பிச் சுருள் இருக்கு. அதுல ஓடற மின்சாரம் மண்ணுக்குள்ள காந்தப் புலத்தை அனுப்பும். கீழே உலோகம் இருந்தா அதுல ஒரு சின்ன மின்னோட்டம் கிளம்பி, அது பதிலுக்கு ஒரு காந்தப் புலத்தை அனுப்பும். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் மெஷின் சத்தம் போடுது. அவ்வளவுதான் விஷயம். மந்திரம் ஒண்ணும் இல்லை.

முதல் அரை மணி நேரம் மெஷின் நிக்காம கத்துச்சு. எங்க செம்மண்ணுல இரும்புச் சத்து அதிகம். மண்ணே உலோகம் மாதிரி பேசுது. பையன் கையேட்டைப் படிக்காமலே தூக்கிக்கிட்டு வந்துட்டான். அப்புறம் போன்ல படிச்சுப் பாத்துட்டு, உலோகம் இல்லாத இடமாப் பாத்துத் தட்டைத் தரையில இருந்து ஒரு முழம் தூக்கித் தூக்கி இறக்கினான். மண்ணோட சத்தத்தைக் கழிச்சுடறதுக்கு அதுல ஒரு வசதி இருக்கு. கிரவுண்ட் பேலன்ஸ்ங்கறாங்க. அதைச் சரி பண்ணின பிறகுதான் அது வாயை மூடுச்சு. அதனால நம்ம பக்கம் வாங்கறவங்க முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இது ஒண்ணுதான்: இந்த மண் சரிக்கட்டற வசதி கையால மாத்தற மாதிரி இருக்குதா? விலை மலிவான மெஷின்ல அது ஒரே அளவுல கட்டி வெச்சதா இருக்கும். வெளிநாட்டுப் புல்வெளிக்கு அது போதும். செம்மண்ணுலயும் சரளையிலயும் அது காசுக்குப் பிடிச்ச கேடு.

சரி, சத்தம் அடங்கின பிறகு எங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னு நினைக்கறீங்க? லாடம். லாடத்து ஆணி. மறுபடியும் லாடம். நாலு தலைமுறையா காளை மாடு கட்டி உழுத காடுங்க அது. அப்புறம் கலப்பைக் கொழு முனை ஒண்ணு, சோடா மூடி, வேலிக் கம்பித் துண்டு, பாக்குப் பொட்டலத்து வெள்ளித்தாள், மாத்திரை அட்டை. கொத்து வேலைக்கு வர்றவங்க எல்லாருக்கும் இப்ப முழங்கால் வலி. மாத்திரை அட்டை இல்லாத காடே கிடையாது. இரும்பை ஒதுக்கிடுன்னு மெஷினுக்குச் சொல்லலாம், ஓரளவுக்கு ஒதுக்கும். அலுமினியத்தை ஒதுக்கச் சொன்னா அங்கதான் வம்பு. சின்னத் தங்கமும் மாத்திரை அட்டையும் திரையில கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டுது. ஒண்ணை ஒதுக்கினா இன்னொண்ணும் போயிடும். 'இது தங்கத்தை மட்டும் தனியாச் சொல்லும்'னு யாராவது விக்க வந்தா, அவரை டீ குடுத்து அனுப்பிடுங்க.

மூணு மணி நேரம் கழிச்சு, கொடி போர் போட்ட இடத்து ஓரத்துல, நாலு விரல்கடை ஆழத்துல தோடு கிடைச்சுது. மெஷின் அதையும் மாத்திரை அட்டைன்னுதான் சொல்லுச்சு. நாப்பது மாத்திரை அட்டையைத் தோண்டினவனுக்குத்தான் நாப்பத்தோராவது தோடு. வீட்டுக்காரி அன்னைக்குக் கோழி அடிச்சா.

அந்த அனுபவத்தை வெச்சு, இதைப் பத்திக் கொஞ்சம் தேடிப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன். காசு, நகை தேடறதுக்குப் பெரும்பாலானவங்க வெச்சிருக்கறது வி.எல்.எஃப். வகை. அதுல அதிர்வெண்னு ஒண்ணு இருக்கு, கிலோஹெர்ட்ஸ் கணக்கு. ஆறு, ஏழுல ஓடறது வெள்ளி, செம்புக் காசு மாதிரி மின்சாரம் நல்லா பாயற சாமானுக்குத் தோது. பதினஞ்சு, இருபதுல ஓடறது சின்னத் தோடு, மெல்லிசுச் சங்கிலிக்குத் தோது. இப்ப ஒரே நேரத்துல பல அதிர்வெண்ல ஓடற மெஷினும் வந்துருக்கு, விலையும் அதுக்குத் தகுந்த மாதிரி. பல்ஸ்னு இன்னொரு வகை இருக்கு. கெட்ட மண்ணுலயும் ஆழமாப் போகும், ஆனா இரும்பையும் காசையும் பிரிச்சுச் சொல்றதுல ரொம்ப மட்டம். எங்க காட்டுல அதைக் கொண்டு வந்தா லாடக் கடையே வெச்சிருக்கலாம்.

தட்டு பெருசா இருந்தா ஆழம் போகும், குப்பை அதிகமா இருக்கற இடத்துல திணறும். சின்னத் தட்டு ஆழம் போகாது, ஆனா ஆணிக்கும் காசுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியைக் கண்டுபிடிக்கும். வீட்டு வாசல், களம், மாட்டுத் தொண்டுப்பட்டிக்கெல்லாம் சின்னத் தட்டுதான். கையில பிடிச்சுக் குழிக்குள்ள விட்டுப் பாக்கற பேனா மாதிரி ஒரு கருவியும் தனியா விக்குது. அது இல்லாம தேடினா ஒரு தோட்டுக்கு ஒரு கூடை மண்ணைக் கொட்டணும்.

ஆழத்தைப் பத்தி ஒரு வார்த்தை. காசு அளவு சாமானை இந்த மெஷினெல்லாம் கண்டுபிடிக்கறது அரை அடி, ரொம்ப நல்லா இருந்தா முக்கால் அடி. பத்தடி, இருபதடி ஆழத்துல இருக்கற புதையலைச் சொல்லும்னு ரெண்டு கம்பியை நீட்டிக்கிட்டு வீடியோ போடறவங்க இருக்காங்க. அது நம்ம ஊர்ல உள்ளங்கையில தேங்காயை வெச்சு நீரோட்டம் பாக்கற மாதிரி. தேங்காய் எந்திரிச்சு நின்ன இடத்துல நான் ரெண்டு போர் போட்டிருக்கேன், ரெண்டுலயும் புகைதான் வந்துச்சு. ஆனாலும் தேங்காய்க்காரர் ஆயிரத்தோட போனார். புதையல் கம்பிக்காரன் லட்சத்தோட போவான். அரிசியை இழுக்கற இரிடியம் கலசம்னு சொல்லி எத்தனை குடும்பத்தை மொட்டையடிச்சாங்கன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க.

இப்ப தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வரேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பையனுக்கு ஆசை விடலை. "மேக்காலக் காட்டுல ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாமுங்க மாமா"ன்னான். போனோம். வேப்பமரத்துக்குக் கிழக்கே, வரப்புல இருந்து பதினஞ்சு அடி தள்ளி, மெஷின் தெளிவா ஒரு சத்தம் குடுத்துச்சு. லாடத்துக்கு வர்ற கரகரப்பு இல்லை. ஏர் புரட்டின மண்ணுக்குள்ளயே, ஒரு சாண் கூட இல்லை, பச்சைப் பாசி பிடிச்ச மாதிரி ஒரு சின்னச் சதுரத் துண்டு. சுண்டு விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெருசு, தடிமனா இருந்துச்சு. செம்பு. ஒரு பக்கம் ஏதோ மேடு தெரியுது, என்னன்னு சொல்ல முடியலை.

பையன் குழிக்குள்ள மறுபடியும் தட்டை வெச்சான். மறுபடியும் சத்தம். முன்னை விடப் பலமா, அகலமா. கீழே. ஏர் தொடாத கெட்டி மண்ணுக்குள்ள.

"மாமா, கடப்பாரை எடுத்துக்கிட்டு வரட்டுங்களா?"

வேண்டாம்னுட்டேன். ஏன் வேண்டாம்னேன்னு அவனுக்கு அப்பப் புரியலை. கோவிச்சுக்கிட்டு மத்தியான பஸ்லயே போயிட்டான். எனக்கே கொஞ்ச நேரம் புரியலை. அப்புறம் யோசிச்சுப் பாத்தா, எங்க ஆத்தா ஞாபகம்தான் கையைப் பிடிச்சிருக்கு.

எங்க பக்கம் அப்பாருன்னா அப்பாவோட அப்பா, ஆத்தான்னா அப்பாவோட அம்மா. சுதந்திரம் வர்றதுக்கு முன்னால அப்பாரு கிணறு வெட்டும்போது ஒரு கலயம் கிடைச்சுதாம். உள்ளே வெள்ளிக் காசு, ரெண்டு கை நிறைய. பகல்ல மண்ணைப் போட்டு மூடிட்டு, ராத்திரி எடுத்துக்கிட்டுப் போயி ஆசாரிகிட்டக் குடுத்து உருக்கிட்டார். ஆத்தாளுக்குத் தண்டை, எங்கப்பனுக்கு அரைஞாண் கொடி. அந்தத் தண்டையை வித்துத்தான் பின்னால கரண்டு மோட்டாருக்குக் கட்டினாங்க. நான் சின்ன வயசுல ஆத்தாகிட்ட அந்தக் காசு எப்படி இருந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். "தலைக்காசு சாமி, ஒரு தலை போட்டிருந்துச்சு"ன்னு மட்டும் சொல்லும். யாரோட தலை? சீமை எண்ணெய் விளக்குல பாத்த தலை. அதுக்கு மேல தெரியாது.

இப்ப அதே கேள்வியை வேற மாதிரி கேக்கணும்னு தோணுது. தலையில கொண்டை இருந்துச்சா? இருந்தா அது விக்டோரியா ராணி, வெறும் நூறு வருசத்துச் சேமிப்பு. எழுத்து தலையைச் சுத்தி இருந்துச்சா? அப்ப அது ரோமாபுரிக் காசா இருக்கலாம். அகஸ்டஸ், டைபீரியஸ்ங்கற ரெண்டு பேரரசர் காலத்து வெள்ளிக் காசு கொங்கு நாட்டுல கிடைச்ச அளவுக்கு இந்தியாவுல வேற பகுதியில கிடைச்சது குறைவு. கோயமுத்தூரை ஒட்டின வெள்ளலூர்ல 1842-லயே ஒரு பானையில 522 காசு. அதுக்குப் பின்னாலயும் அங்கே பல தடவை கிடைச்சிருக்கு. உடுமலைப் பக்கம் பூதிநத்தத்துல 1946-ல ஆயிரத்துக்கு மேல. புதுக்கோட்டைச் சீமையில கருக்காக்குறிச்சியில 1898-ல 501 தங்கக் காசு. இல்லை, எழுத்து தலைக்கு மேல மட்டும் இருந்துச்சா? அப்ப அது நம்ம சேர ராசா மாக்கோதையா இருக்கலாம். ரோமாபுரிக் காசைப் பாத்து அதே மாதிரி தன் தலையைப் போட்டு, தமிழ் பிராமியில பேரை வெட்டி வெள்ளியில அடிச்ச காசு அது.

மூணுல எதுவேணாலும் இருந்திருக்கலாம். எங்க கிணத்து மேட்டுல ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி யவன வியாபாரியோட கூட்டாளி ஒருத்தன் இருந்தானா, இல்லை ஒரு கஞ்சன் கவுண்டன் பொண்டாட்டிக்குத் தெரியாம ரூவா ஒளிச்சு வெச்சானா? இனி எந்தச் சாமியாலயும் சொல்ல முடியாது. உருக்கினது வெள்ளியை மட்டும் இல்லீங்க.

நகரத்துல இருக்கற நீங்க இதைப் படிக்கும்போது, 'காசை உருக்காம எடுத்து வெச்சிருந்தா போதுமே'ன்னு நினைக்கலாம். போதாது. அதைத்தான் மாப்ளைக்கு விளங்க வைக்க முடியலை. மேற்குக் கடற்கரையில முசிறியில கப்பல்ல இறங்கின சரக்கு, பாலக்காட்டுக் கணவாய் வழியா வந்து, நொய்யல் கரையைப் பிடிச்சுக் கருவூர் போச்சு. வழியில கொடுமணல். அங்கே தொல்லியல்காரங்க தோண்டினப்ப இரும்பு உருக்கின உலை, கல் மணி தேய்ச்ச பட்டறை, தமிழ் பிராமியில பேர் கீறின பானை ஓடுன்னு வரிசையா வந்துச்சு. அதெல்லாம் எந்த அடுக்குல, எதுக்குப் பக்கத்துல இருந்துச்சுன்னு எழுதி வெச்சதாலதான் அது பட்டறைன்னு தெரிஞ்சுது. ஒவ்வொண்ணா எடுத்து ஒரு தகர டப்பாவுல போட்டிருந்தா, கொஞ்சம் மணி, கொஞ்சம் ஓடு. அவ்வளவுதான்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். கரூர்ல அமராவதி மணல்ல கிடைச்ச காசுங்களை மக்கள் பொறுக்கி விக்கலைன்னா மாக்கோதை பேரே நமக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்காது. 'தினமலர்' ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி மாதிரி காசு சேர்க்கறவங்க இல்லைன்னா 'பெருவழுதி'ன்னு பேர் போட்ட பாண்டியர் காசைப் படிக்க ஆள் இருந்திருக்காது. ஆனா ஆத்து மணல்ல கிடைக்கற காசு ஏற்கெனவே இடம் தொலைச்ச காசு. வெள்ளம் அதைப் புரட்டி உருட்டிக் கொண்டு வந்து போட்டது. அதை எடுக்கறதுல நஷ்டம் குறைச்சல். ஏர் புரட்டின மண்ணுல கிடைக்கறதும் பாதி அப்படித்தான். ஏர் தொடாத மண்ணுல இருக்கறது வேற. வெச்சவன் கை வெச்ச இடத்துல அது இன்னும் இருக்கு. மெஷின் அரை அடி, முக்கால் அடி கேக்கும்னேன் பாருங்க, அதுல மேல் பாதி ஏருக்குச் சொந்தம். கீழ்ப் பாதியில கடப்பாரை போடக் கூடாதுங்கறது என் கட்சி.

இங்கிலாந்துல நடந்த ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அதுவும் ஒரு விவசாயி சாமான் தொலைச்ச கதை. 1992 நவம்பர்ல சஃபோக் மாவட்டத்துல ஹாக்சன்ங்கற ஊர்ல ஒரு குத்தகை விவசாயியோட சுத்தியல் காட்டுல தொலைஞ்சு போச்சு. பழக்கக்காரர் ஒருத்தர் டிடெக்டர் எடுத்துக்கிட்டு வந்து தேடினார். சுத்தியலுக்குப் பதிலா தங்கமும் வெள்ளியும் வந்துச்சு. கொஞ்சம் எடுத்தவர், அடியில இன்னும் நிறைய இருக்குன்னு தெரிஞ்சதும் தோண்டறதை நிறுத்திட்டுத் தகவல் சொல்லிட்டார். மறுநாள் தொல்லியல்காரங்க வந்து முறையா எடுத்தாங்க. கிட்டத்தட்ட பதினஞ்சாயிரம் ரோமானியக் காசு, இருநூறு சாமான். பலகை மக்கிப் போயிருந்தாலும் எது எது பக்கத்துல இருந்துச்சுங்கறதை வெச்சு, இது ஒரு மரப்பெட்டிக்குள்ள அடுக்கி வெச்ச ஒரு குடும்பத்துச் சொத்துன்னு சொல்ல முடிஞ்சுது. அரசாங்கம் 17.5 லட்சம் பவுண்டுன்னு மதிப்புப் போட்டுக் குடுத்துச்சு, கண்டுபிடிச்சவர் அதை விவசாயியோட பங்கு போட்டுக்கிட்டார். சுத்தியலும் பின்னால கிடைச்சு, அதுவும் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு.

இந்தக் கதையை எங்க டீக்கடையில சொன்னா, "அது சீமை. இங்கே சொன்னா காட்டைப் புடுங்கிக்குவாங்க"ன்னுதான் பதில் வருது. எங்க அப்பாரு ராத்திரியில ஆசாரி வீட்டுக்குப் போனதுக்கும் இதே பயம்தான் காரணம். பேராசைன்னு நீங்க நினைச்சா அது தப்பு. மூணு ஏக்கர் வெச்சிருக்கறவனுக்குத் தங்கக் காசை விட அந்த மூணு ஏக்கர் பெருசு.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்தேன். 1878-ல வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம்தான் இன்னைக்கும் நம்ம தலைக்கு மேல இருக்கு. மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்த, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் சொல்லணும். என்ன கிடைச்சுது, எங்கே, எந்தத் தேதியில. பொருளை அரசாங்கக் கருவூலத்துல ஒப்படைக்கணும், இல்லைன்னா பிணை குடுக்கணும். மறைச்சா ஒரு வருசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா அபராதம், சமயத்துல ரெண்டும். கண்டெடுத்தவன் பங்கும் போயிடும். உரிமை கொண்டாட யாரும் வரலைன்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு. காதுக்கு இனிப்பா இருக்கா? அடுத்ததைக் கேளுங்க. அரசாங்கம் தனக்கே வேணும்னு எடுத்துக்கிட்டா, அந்தப் பொருள்ல இருக்கற உலோகத்தோட விலை, அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு. என்னோட செம்புக் காசு ரெண்டு கிராம் இருக்கும்னு வெச்சுக்கங்க. பழைய செம்பு விலைக்கு ரெண்டு ரூபாய், அதுக்கு மேல நாப்பது பைசா. சேர ராசாவோட யானையும் வில்லும் இருந்தாலும் அதே ரெண்டு ரூபாய் நாப்பது பைசா. இந்தச் சட்டத்தைப் போட்ட நாட்டுக்காரன் 1996-ல தன் ஊருக்குப் புதுச் சட்டம் போட்டு, சந்தை விலையைக் குடுக்கறான். புதையல்ல சேராத சின்னச் சின்னச் சாமானைக் கூடப் பதிவு பண்ண 1997-ல ஒரு திட்டம் ஆரம்பிச்சு, பத்து லட்சத்துக்கு மேல பதிவாகியிருக்கு. நாம மட்டும் அவன் விட்டுட்டுப் போன பழைய சட்டையைப் போட்டுக்கிட்டு இருக்கோம்.

அரசாங்கத்துக்கு நான் சொல்ல நினைக்கறது ரெண்டே விஷயம். காசுக்குக் காசோட விலை குடுங்க, உலோகத்து விலை வேண்டாம். அதை விட முக்கியம், நிலம் போகாதுங்கறதை ஊர் ஊராச் சொல்லுங்க. கீழடியில முதல்ல தோண்டினது தனியார் தென்னந்தோப்புல, தோப்புக்காரங்க சம்மதத்தோட. தோண்டிப் பாத்துட்டுக் குழியை மூடிக் குடுத்தாங்க. இந்த ஒரு தகவல் எங்க டீக்கடையில எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியலை. தெரிஞ்சிருந்தா அடுத்த கலயம் ஆசாரி வீட்டுக்குப் போகாது.

நான் என்ன பண்ணினேன்னு கேப்பீங்க. காசை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் வீட்டுக்காரி புளியை எடுத்துக்கிட்டு வந்துட்டா, தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கறதுக்கு. பிடுங்கி வெச்சேன். பழைய செம்புக் காசைப் புளி போட்டுத் தேய்ச்சா பச்சையோட சேர்ந்து இருந்த கொஞ்ச நஞ்ச உருவமும் போயிடும். மண்ணைக் கூடத் தட்டாம ஒரு காகிதத்துல மடிச்சு வெச்சேன். குழியைப் போட்டோ எடுத்து, அதே மண்ணைப் போட்டு மூடி, போன்ல இடத்தைக் குறிச்சு வெச்சேன். கார்த்திகையில ஒரு திங்கட்கிழமை மனு எழுதிக் கலெக்டர் ஆபீஸ்ல குடுத்து ரசீது வாங்கியாச்சு. காசைக் கருவூலத்துல ஒப்படைக்கப் போனப்ப அங்கே இருந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுக்காகவாங்க பஸ் ஏறி வந்தீங்க?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன்.

அந்த இடத்தைப் பாக்க இன்னும் யாரும் வரலை. ஆடியில விதைக்கணும். வேப்பமரத்துக்குக் கிழக்கே பத்துக்குப் பத்து அடி உழவு ஓட்டாம விடறதா முடிவு பண்ணியிருக்கேன். ராத்திரியில சில சமயம் தோணும், அடியில இருக்கறது இன்னொரு லாடமா இருந்தா ஊர் சிரிக்குமேன்னு. இன்னொரு கலயமா இருந்தாங்கற நினைப்பு வந்தா எந்திரிச்சு உக்காந்துடறேன். விஷயம் வெளியே தெரிஞ்சதுல இருந்து நாயை அந்தப் பக்கம்தான் கட்டறேன்.

மாப்ளைக்கு நேத்துப் பதில் சொல்லிட்டேன். மெஷின் வாங்கு மாப்ளே, தப்பில்லை. அம்பதாயிரம் வேண்டாம். மண் சரிக்கட்டற வசதி கையால மாத்தற மாதிரி இருக்கணும், சின்னத் தட்டு ஒண்ணு சேர்த்து வாங்கு, குழிக்குள்ள விடற கருவி ஒண்ணு வாங்கு. காட்டுக்காரர் சம்மதம் இல்லாம யார் காட்டுலயும் கால் வைக்காதே. கோயில் பக்கம், தாழி புதைச்ச மேடு, கல்வட்டம், நத்தம்மேடு பக்கமெல்லாம் மெஷினைக் காரை விட்டே இறக்காதே. தொல்லியல் துறை பலகை வெச்சிருக்கற இடத்துல அது குத்தம். பலகை இல்லாட்டியும் அது துரோகம். ஏர் போன ஆழம் வரைக்கும் தேடு, அதுக்குக் கீழே சத்தம் வந்தா மூடிட்டுச் சொல்லு. பழைய காசுக்காக வாங்கறதா நினைக்காதே, தொலைஞ்ச சாமானுக்காக வாங்கு. நம்ம ஊர்ல வருசத்துக்கு எத்தனை கம்மல், எத்தனை மோதிரம், எத்தனை திருகாணி மண்ணுக்குள்ள போகுது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வீட்டுல அழுகை.

"அப்ப அந்த வேப்பமரத்துக்கிட்ட இருக்கறதுங்க மாமா?"ன்னான்.

அது அங்கேயே இருக்கட்டும், எங்கேயும் போகாதுன்னேன். நீ வரும்போது மெஷினை மறக்காம எடுத்துக்கிட்டு வா. ரோட்டாவேட்டர் பின் ஒண்ணு வாய்க்கால் ஓரமா விழுந்து பத்து நாள் ஆச்சு.